‘பாஸ்’ என்றால் சரியா, வேண்டாமா? - கடைக்காரருக்குத் திரைக்காட்சி வழி ஆங்கிலம்



2012ம் ஆண்டு நடந்த ஒரு விடயத்தோடு தொடங்குகிறேன். திருகோணமலை ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் அப்போது நான் துவாய், படுக்கை விரிப்பு, தலையணை உறை போன்றவற்றை விருந்தினர் விடுதிகளுக்கு விநியோகித்துக் கொண்டிருந்தேன். யுத்தம் முடிந்து மூன்று வருடங்கள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் புதிது புதிதாக விடுதிகள் எழும்பிக் கொண்டிருந்த காலம் அது. அவற்றில் ஒன்றிற்குச் சாமான் வாங்கும் பொறுப்பில் இருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் கடைக்கு வந்தார். வெள்ளைத் துவாயின் மாதிரியை விரித்துப் பார்த்தார், தடவிப் பார்த்தார், விலை கேட்டார். பிறகு சிரித்த முகத்தோடு, “வீ வில் பாஸ் ஒன் திஸ் வன்” என்று சொல்லிக் கை குலுக்கிவிட்டுப் போனார்.

‘பாஸ்’ என்ற சொல் நமக்குப் புதியதா? பிள்ளை சோதனையில் பாஸ், வங்கியில் கடன் பாஸ், கச்சேரியில் பில் பாஸ். நானும் நம்முடைய துவாய் பாஸ் ஆகிவிட்டது என்றே எண்ணினேன். அன்று மாலையே கொழும்பு புறக்கோட்டைக்குத் தொலைபேசி எடுத்து, 420 ரூபா வீதம் 300 துவாய் அனுப்பச் சொன்னேன். 126,000 ரூபாவுக்கு 30 நாள் திகதி போட்ட செக்கும் கொடுத்தாயிற்று.

சாமான் வந்து இறங்கியது. ஆள் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், பத்து நாள் பார்த்தேன். கடைசியில் மகனிடம் விடயத்தைச் சொன்னேன். அப்போது அவனுக்கு வயது பதினான்கு. வந்தவர் சொன்ன வாசகத்தை அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னான். சொன்னேன்.

“வாப்பா, அந்தாள் வேணாம் எண்டுதானே சொல்லியிருக்கார்!” என்றான்.

‘பாஸ்’ என்றால் வேறு, ‘பாஸ் ஒன்’ என்றால் வேறு. ‘இது எங்களுக்கு வேண்டாம்’ என்பதை முகம் கோணாமல் சொல்லும் முறையே அது. ‘ஒன்’ என்ற சின்னஞ்சிறு சொல்லைக் காது வாங்கவில்லை. மீதமிருந்த இருபது நாட்களுக்குள் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் தோப்பூருக்கும் அலைந்து 380 ரூபா வீதம் அத்தனையையும் தள்ளிவிட்டேன். கையிலிருந்து 12,000 ரூபாவும் லொறிக் கூலியும் போனது. அல்ஹம்துலில்லாஹ், செக் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் புறக்கோட்டையில் பதினைந்து வருடமாகக் கட்டிக் காத்த பெயர் ஒரு நாளில் போயிருக்கும்.

இது உனக்கு எப்படித் தெரியும் என்று மகனிடம் கேட்டேன். பாடசாலைப் பாடத்தில் படித்திருப்பான் என்றுதான் நினைத்தேன். அவனோ, ஆங்கிலப் படங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்படித்தான் பேசுவார்கள் என்றான். கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

எதற்காக ஆங்கிலம்?

படம் பார்க்கச் சொல்லி ஒரு முஸ்லிம் பத்திரிகையில் எழுதுகிறானே என்று சிலர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதக்கூடும். அவர்களின் பேணுதலை மதிக்கிறேன். முழுப் படத்தையும் குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை. நான் சொல்வது இரண்டு மூன்று நிமிடத் துண்டுக் காட்சிகளைப் பற்றி. அதுவும் ஒருவர் முன்கூட்டியே பார்த்துத் தெரிந்தெடுத்தவை. இதிலும் மனம் ஒப்பாதவர்கள் காட்சியை விட்டுவிட்டு, கீழே தரும் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மொழி கற்பதற்கு நம்மிடம் நல்ல முன்மாதிரி இருக்கிறது. யூதர்களின் மொழியைக் கற்றுக்கொள்ளுமாறு ஸைத் பின் ஸாபித் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அரை மாதம் கழிவதற்குள் அவர் கற்றுக்கொண்ட செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. கடிதம் எழுதவும் வந்த கடிதத்தை வாசிக்கவும் மாற்றாரை நம்பியிருக்கக் கூடாது என்பதே அதற்குக் காரணம். நமது கடைக்கும் அந்தக் காரணம் அப்படியே பொருந்துகிறது. வந்த ஓர்டரை வாசித்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும் என்றால், நமது இலாபத்தின் சாவி அந்த இன்னொருவரின் சட்டைப் பையில் இருக்கிறது.

மிஷன் பாடசாலைகளுக்கு அஞ்சி ஆங்கிலத்தையே ஒதுக்கி வைத்திருந்த நமது சமூகத்திற்காகக் கண்டி வழக்கறிஞர் சித்திலெப்பை அவர்கள் பட்ட பாட்டையும், 1892ல் மருதானையில் ஸாஹிராவுக்கு வித்திட்டதையும் இப்பக்கத்தின் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

டொக்யார்ட் ஆங்கிலம்

ஓர்ஸ் ஹில்லில் நின்று உட்துறைமுகத்தைப் பார்க்கும் போதெல்லாம் மூத்தவாப்பாவின் ஞாபகம் வரும். பிரித்தானியக் கடற்படை இங்கு இருந்த காலத்தில் அவர் டொக்யார்டில் வேலை செய்தவர். 1942 ஏப்ரல் 9ம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதைக் கண்டவர். ஒரு நாளும் ஆங்கிலப் பள்ளிக்கூடம் போகாமலே வெள்ளைக்கார மாலுமிகளோடு பேசி வேலை முடித்தார். 1957ல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்ட பிறகும் எங்கள் வீட்டில் கயிறும் கொளுக்கியும் ஆங்கிலப் பெயரோடுதான் கிடந்தன.

அவர் கற்ற முறையை யோசித்துப் பாருங்கள். முதலில் ஒரு வேலை கண் முன்னே நடக்கிறது. அதற்குரிய சொல் காதில் விழுகிறது. மறுநாள் அதே வேலை, அதே சொல். ஒரு மாதத்தில் சொல் நாக்கில் ஏறிவிடுகிறது. நாம் பாடசாலையில் கற்றதோ தலைகீழ். இலக்கணம் முதலில், பேச்சு ஒருபோதும் இல்லை. மாலுமிகள் போய்விட்டார்கள். ஆனால் கண் முன்னே காரியம் நடக்க, காதில் சொல் விழும் வசதியைக் கைத்தொலைபேசி இன்று திரும்பக் கொண்டு வந்திருக்கிறது.

அப்படியானால் ஏன் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றிய படங்கள்? யுத்தப் படத்தில் சத்தம்தான் அதிகம். நீதிமன்றப் படத்தில் வழக்கறிஞர் தமிழ் பேசினாலே நமக்கு விளங்காது. பிள்ளைகளின் படங்களில் சாப்பாடு, உடுப்பு, பஸ், கடை, வீட்டுச் சண்டை, மன்னிப்புக் கேட்பது, பேரம் பேசுவது எல்லாம் வரும். அன்றாடச் சொற்கள்தான். 2009ல் ஸ்டுவர்ட் வெப், மைக்கல் ரோஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 318 திரைப்படங்களின் வசனங்களை எண்ணிப் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 3000 சொற்குடும்பங்களும் ஆட்பெயர், ஊர்ப்பெயர்களும் தெரிந்தால் வசனங்களில் 95 சதவீதத்தைத் தொட்டுவிடலாம் என்று கண்டார்கள். மூவாயிரம் பெரிய தொகையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பலசரக்குக் கடைக்காரர் தன் கடையிலுள்ள சாமான், அளவு, விலை எல்லாவற்றையும் எத்தனை ஆயிரம் வகையாக மனதில் வைத்திருக்கிறார் என்று பாருங்கள்.

முதல் காட்சி: ஒழுகும் குழாய்

1984ல் வந்த ‘த கராத்தே கிட்’ படத்தை எடுத்துக்கொள்வோம். நியூ ஜேர்சியிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸுக்குத் தாயோடு குடிவந்த டேனியல் என்ற பையன், வீட்டுக் குழாயைத் திருத்தித் தரும்படி கட்டடத்தின் பராமரிப்பாளர் மியாகியிடம் கேட்கிறான். எப்போது திருத்துவீர்கள் என்று கேட்டால் கிழவர் ‘ஆஃப்டர்’ என்கிறார். எதற்குப் பிறகு என்றால், பிறகுக்குப் பிறகு என்கிறார். நமது ஊர் மேசன்மாரின் பதில்தான்!

இந்தக் காட்சியில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, மியாகியின் ஆங்கிலம் அரைகுறை ஆங்கிலம். ‘அ’, ‘த’ எல்லாம் விடுபட்டிருக்கும், காலம் பிழைத்திருக்கும். ஆனால் அவர் சொல்வது விளங்காமல் போவதில்லை. பின்னால், பையனை அடிக்கும் கூட்டத்தின் குருவிடம் போய், போட்டி நடக்கும் வரை அவனைத் தொடக்கூடாது என்று ஒப்பந்தம் பேசி முடிப்பதும் இதே ஆங்கிலத்தில்தான். அந்தப் பாத்திரத்தில் நடித்த பெட் மொரிட்டா கலிபோர்னியாவில் பிறந்தவர், சுத்தமான அமெரிக்க ஆங்கிலம் பேசியவர் என்பது பலருக்குத் தெரியாது. அரைகுறைப் பேச்சை நடித்துத்தான் ஒஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டார். வெட்கத்தால் வாய் திறக்காமல் கூலிக்கு ஆள் பிடித்துப் பேச வைக்கும் நம்மவர்கள் இந்தக் கிழவரைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது பாடம் வியாபாரத்தோடு நேரடித் தொடர்புடையது. பையன் குழாயை ‘ஃபோசெட்’ என்கிறான். ஹாட்வெயார் கடையில் நாம் சொல்வது ‘டெப்’. நாம் பழகியது பிரித்தானிய ஆங்கிலம், படங்களில் வருவது அமெரிக்க ஆங்கிலம். கடைக்கு வரும் உல்லாசப் பயணி எதைப் பேசுவார் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒரு சாமானுக்கு இரண்டு பெயர் தெரிந்திருக்க வேண்டும். நமது ‘டோர்ச்’ அவருக்கு ‘ஃப்ளாஷ்லைட்’. நமது லொறி அவருக்கு ‘ட்ரக்’. பெற்றோலை ‘கேஸ்’ என்பார், காரின் டிக்கியை ‘ட்ரங்க்’ என்பார். சாப்பிட்டு முடித்து ‘செக்’ கேட்டால் காசோலை அல்ல, பில் கேட்கிறார். ‘சோடா’ என்றால் நாம் வெறும் சோடாவை எடுத்து வைப்போம். அவர் கேட்பது ஏதாவது ஒரு இனிப்புக் குளிர்பானம். மரக்கறிக் கடையில் கத்தரிக்காயை நாம் ‘பிரிஞ்சோல்’ என்கிறோம். அமெரிக்கர் ‘எக்ப்ளாண்ட்’ என்பார், இங்கிலாந்துக்காரர் ‘ஓபர்ஜீன்’ என்பார். வெண்டிக்காயை ‘லேடீஸ் ஃபிங்கர்’ என்றால் சிலர் திகைத்துப் போவார்கள், ‘ஓக்ரா’ என்றால் கூடையில் போடச் சொல்வார்கள்.

சொல் மாறினால் சாமான்தான் மாறும். இன்னும் இரண்டு இடங்களில் காசே மாறிவிடும். அமெரிக்கருக்கு ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’ என்பது நிலத்தளம். நமக்கோ ஒரு படி ஏறி வரும் மாடி. குளிரூட்டிப் பெட்டியை மாடிக்குத் தூக்கிவிட்டு மறுபடி இறக்கினால் கூலி இரட்டிப்பு. மற்றது திகதி. 05/06 என்று நாம் எழுதினால் ஜூன் 5. அமெரிக்கர் எழுதினால் மே 6. விநியோகத் திகதியில் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுங்கள் என்று கேட்டு வாங்குவது நல்லது.

இதே படத்தில் கிழவர் பையனைக் கொண்டு கார் மினுக்குவார், வேலிக்குச் சாயம் அடிப்பிப்பார், பலகைத் தரையைத் தேய்ப்பிப்பார். ஹாட்வெயார்காரர்கள் இதை ஒரு முறை பார்த்தால் போதும். ‘சேண்ட்’ என்றால் மண் என்று மட்டும் நினைத்திருப்போம். சேண்ட் பேப்பரால் தேய்ப்பதும் ‘சேண்ட்’தான்.

இரண்டாவது காட்சி: வீடு வீடாகப் பிளாஸ்டிக் கிண்ணம்

2004ல் வந்த ‘நெப்போலியன் டைனமைட்’, ஐடஹோ மாநிலத்தின் பிரெஸ்டன் என்ற சிற்றூரில் படிக்கும் ஒரு விசித்திரப் பையனின் கதை. நமக்கு அவன் முக்கியமில்லை. அவனுடைய மாமா ரிக்கோதான் முக்கியம். ரிக்கோ வேனில் ஏறி வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் கிண்ணங்கள் விற்கிறார். வாங்கினால் இன்ன சாமான் இனாம் என்று ஒரு பொம்மைக் கப்பலைக் காட்டுகிறார். இன்னொரு வீட்டு வாசலில் கிண்ணத்தின் உறுதியைக் காட்ட வேனை அதன் மேல் ஏற்றப் போக, கிண்ணம் நொறுங்கிப் போகிறது. எங்கள் வகுப்பில் பெரிய சிரிப்பு எழுந்தது இதற்குத்தான். மாதிரியைக் காட்டி மானம் போன அனுபவம் எல்லோருக்கும் உண்டல்லவா?

இந்த மாதிரி விற்பனைக் காட்சியைப் பார்க்கும்போது நாம் குறிக்க வேண்டியவை: ‘செட்’, ‘பீஸ்’, ‘ஸ்டர்டி’ - உறுதியானது, ‘லாஸ்ட்’ - இங்கே கடைசி என்பதல்ல, நீடித்து உழைக்கும் என்பது. ‘த்ரோ இன்’ என்றால் எறிவதல்ல, விலையில்லாமல் சேர்த்துத் தருவது. “ஐ வில் த்ரோ இன் எ பேக்” என்றால் பையொன்று இனாம். இதை ஒரு வாடிக்கையாளர் “வில் யூ த்ரோ இன்...?” என்று தொடங்கினால் அவர் டிஸ்கவுண்டுக்குப் பதிலாக இனாம் கேட்கிறார் என்று பொருள். பதிலைச் சொல்லுமுன் கணக்குப் போட நமக்கு ஒரு நொடி கிடைக்கும்.

‘சீப்’ என்ற சொல்லையும் சொல்ல வேண்டும. “வெரி சீப், சேர்” என்று கூவுவது நமது பழக்கம். அந்தச் சொல்லில் மலிவு மட்டுமல்ல, மட்டமானது என்ற வாடையும் உண்டு. ‘குட் ப்ரைஸ்’, ‘ரீசனபள்’ என்று சொல்லுங்கள். அளவிலும் நிறுவையிலும் பொய் சொல்லக்கூடாது என்று தெரிந்த நாம், உள்ள நல்ல சாமானை மட்டம் என்று நாமே சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது காட்சி: தூங்கும் வகுப்பறை

1986ல் வந்த ‘ஃபெரிஸ் புயலர்ஸ் டே ஓஃப்’ பாடசாலைக்குக் கள்ளமடிக்கும் பையனின் படம். அதை நமது பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் அதிலுள்ள ஒரு நிமிடப் பொருளியல் வகுப்பைக் கட்டாயம் பாருங்கள். பென் ஸ்டைன் என்பவர் ஆசிரியராக வந்து, ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் 1930ம் ஆண்டின் ஸ்மூட்-ஹோலி தீர்வைச் சட்டத்தை விளக்குகிறார். கேள்வியையும் கேட்டுப் பதிலையும் அவரே சொல்கிறார். பிள்ளைகள் வாயைப் பிளந்து தூங்குகிறார்கள். வேகமில்லாத பேச்சு என்பதால் கற்பவருக்கு வாசி.

இதிலே வரும் ‘டெரிஃப்’ என்ற சொல்லை நாம் ஹோட்டல் அறை வாடகைப் பட்டியலுக்குச் சொல்கிறோம். அமெரிக்கர் காதில் அது பெரும்பாலும் இறக்குமதித் தீர்வைதான். 1930ல் வருமானத்தைக் கூட்டவென்று அமெரிக்கா தீர்வையை உயர்த்தியது. மற்ற நாடுகள் பதிலுக்கு உயர்த்தின. உலக வியாபாரம் சுருங்கியது. பழங்கதை என்று தள்ள வேண்டாம். 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வை என்று அமெரிக்கா அறிவித்து, பேச்சுவார்த்தைகளின் பின் ஓகஸ்டில் 20 சதவீதமாக்கிய செய்தியை வாசித்தோமே, அதே சொல்தான்.

இன்னொன்று. சட்டமூலம் ‘பாஸ்’ ஆனது என்றால் நிறைவேறியது என்று பொருள். ‘பாஸ் ஒன்’ என்றால் வேண்டாம் என்று தட்டுவது. இந்த இரண்டையும் நான் 12,000 ரூபா கட்டிக் கற்றேன், வாசகர்களுக்குப் பத்திரிகை விலைக்கே கிடைக்கிறது.

பேச்சில் வரலாம், கடிதத்தில் வரக்கூடாது

1995ல் வந்த ‘க்ளூலெஸ்’ படத்துப் பெண் பிள்ளை ஆசிரியர்களோடு வாதாடியே தன் புள்ளிகளைக் கூட்டிக்கொள்கிறாள். வழக்கறிஞரான தகப்பன் கண்டிப்பதற்குப் பதில் பெருமைப்படுகிறார். அந்த வளர்ப்பு முறையை விட்டுவிடுவோம். அதில் அடிக்கடி வரும் ‘வட்டெவர்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எது வேண்டுமானாலும் என்பது அகராதிப் பொருள். தனியே, அலுப்போடு சொன்னால் ‘போதும், விடு’ என்று பொருள். விலை பேசும்போது வாடிக்கையாளர் வாயில் இது வந்தால் பேரம் முறிந்து கொண்டிருக்கிறது என்று விளங்கிக்கொண்டு, உடனே தணிந்து போக வேண்டும். அதேநேரம் நீங்கள் மறந்தும் அவரிடம் சொல்லக்கூடாது. படத்துப் பிள்ளைகளின் பேச்சைக் காதில் வாங்குவதற்கும் வாயில் போட்டுக்கொள்வதற்கும் வித்தியாசம் உண்டு. விலைமனு, மின்னஞ்சல், வங்கிக் கடிதம் எதிலும் இந்தச் சொற்கள் கூடாது.

எங்கள் கடையின் பின்னறையில் கிழமைக்கு இரண்டு நாள் இஷாவுக்குப் பிறகு ஆறேழு பேர் கூடுகிறோம். மீன், கைத்தொலைபேசி, ஆட்டோ உதிரிப்பாகம் என்று வெவ்வேறு வியாபாரம். புறாத்தீவுக்குப் படகு ஓட்டும் தம்பி ஒருவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் வேண்டுமா என்று பயணியிடம் கேட்டிருக்கிறார். “ஐ அம் குட்” என்று பதில் வந்தது. நல்ல மனுஷன், வாங்குவார் போல என்று இரண்டு போத்தலைத் திறந்து நீட்டிவிட்டார். ‘எனக்கு வேண்டாம், போதும்’ என்பதே அதன் பொருள் என்று விளங்க ஒரு மாதம் எடுத்தது. அதே தம்பிக்கு ‘ஹாஃப் செவன்’ என்று சொல்வதையும் விடச் சொன்னோம். ஆங்கிலேயருக்கு அது 7.30. ஜேர்மன் மொழியில் அரை ஏழு என்றால் 6.30. காலை அலையற்ற நேரத்துக்குக் கிளம்ப வேண்டிய படகுக்கு ஒரு மணித்தியாலம் சும்மாவா? ‘செவன் தேர்ட்டி’ என்று சொல்லிவிட்டால் வம்பில்லை.

நாங்கள் செய்யும் முறை இதுதான். முதலில் காட்சியைச் சத்தமில்லாமல் பார்ப்போம், என்ன பேசுகிறார்கள் என்று ஆளுக்கொரு ஊகம் சொல்வோம். பிறகு சத்தத்தோடு, கீழே ஆங்கில எழுத்து ஓட. தமிழ் எழுத்து ஓடவிட்டால் கண் அதிலேயே நின்றுவிடும், காது வேலை செய்யாது. ஐந்து சொற்களுக்கு மேல் எழுதுவதில்லை. அவற்றைக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுவோம். பின் ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் கடைக்காரர் என்று எழும்பி நின்று பேசுவோம். தாடி நரைத்த ஹாஜியார் ஒருவர் பள்ளிக்கூடப் பையனாக நடிப்பதைப் பார்க்க வேண்டும்! மறுநாள் கடையில் அந்த ஐந்தில் ஒன்றையாவது பாவிக்காதவர் அடுத்த கூட்டத்துக்குத் தேநீர் வாங்க வேண்டும் என்பது சட்டம். இதுவரை நான்தான் அதிகம் வாங்கியிருக்கிறேன்.

அடுத்த வாரத்திற்கு ஒரு வேலை தருகிறேன். பின்வரும் மூன்றையும் உங்கள் பிள்ளைகளிடமோ கடைக்கு வரும் வெளிநாட்டவரிடமோ கேட்டு, பொருளைக் கொப்பியில் எழுதி வையுங்கள்: ‘லெட் மீ ஸ்லீப் ஒன் இட்’, ‘இட்ஸ் எ ஸ்டீல்’, ‘கென் யூ டூ பெட்டர்?’. முதலாவதில் தூக்கமும் இல்லை, இரண்டாவதில் திருட்டும் இல்லை. மூன்றாவதுக்குப் பதில் சொல்லுமுன் கொள்விலையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.